விசுவமடுவுக்கு வந்த ஒரு வீட்டா: ஒரு நிகழ்வு ஆய்வு

2024 ஆனி மாதம் ஒரு சனிக்கிழமை, கிளிநொச்சி கரடிப்போக்குச் சந்திக்குப் பக்கத்தில் உள்ள எங்கள் திருத்தக் கடைக்கு ஒரு பெடியன் வந்தான். வயது 17. விசுவமடுவில் பஸ் ஏறி, தருமபுரம், பரந்தன் என்று வந்திருக்கிறான். பள்ளிக்கூடப் பைக்குள் ஒரு பழைய துவாய், துவாய்க்குள் ஒரு பிளேஸ்டேஷன் வீட்டா, சோனி செய்த, கையில் பிடித்து விளையாடும் கருவி.

"அண்ணை, இது எழும்புதில்லை. ஆனா உள்ளுக்க இருக்கிறது அழியக்கூடாது."

போன் கொண்டு வருகிறவர்கள் பெரும்பாலும் முதல் வசனத்தோடு நின்றுவிடுவார்கள். படங்கள் போனால் பரவாயில்லை, போன் வேலை செய்தால் காணும் என்பார்கள். இவனுக்கோ கருவியைவிட அதற்குள் இருந்ததுதான் பெரிது. அந்த ஒரு வேலைக்கு எனக்கு மூன்று மாதம் பிடித்தது. திருத்தியதைவிட, இந்தக் கருவிக்கும் அதன் விளையாட்டுகளுக்கும் இனி என்ன நடக்கும் என்று யோசித்த நேரம்தான் கூட. வெளிநாட்டு உறவுகள் கொண்டுவந்து கொடுத்த இப்படியான கைக்கருவிகள் வன்னியில் இன்னும் பல வீட்டு லாச்சிகளில் கிடக்கின்றன. அதனால்தான் எல்லாவற்றையும் எழுதி வைக்கிறேன்.

கருவி வந்த வழி

2023 வைகாசியில் வற்றாப்பளை கண்ணகி அம்மன் பொங்கலுக்கு ரொறன்ரோவிலிருந்து மாமி குடும்பம் வந்தது. மாமியின் மகன் தான் இளம்வயதில் விளையாடிய வீட்டாவையும், இரண்டு கேம் காட்டுகளையும் தன் மச்சானான இந்தப் பெடியனுக்கென்று கொண்டு வந்தார். 2012 இல் வாங்கிய முதல் மாடல், ஓலெட் திரை உள்ளது. ஒரு காட் 'கிராவிட்டி ரஷ்', மற்றது 'பெர்சோனா 4 கோல்டன்'.

பெடியன் பிடித்துக்கொண்டது இரண்டாவதை. ஜப்பானில் ஒரு சின்ன ஊருக்குப் படிக்க வரும் மாணவனின் ஒரு வருடக் கதை அது. பள்ளிக்கூடம், சோதனை, மழை நாட்கள், ஊரில் நடக்கும் கொலைகள். முழுக்க முழுக்க வாசிக்க வேண்டிய விளையாட்டு, அதுவும் ஆங்கிலத்தில். விளங்காத சொல் வந்தால் நிறுத்தி, அகராதியில் பார்த்து, ஒரு 80 பக்கக் கொப்பியில் எழுதியிருக்கிறான். அந்தக் கொப்பியையும் பையில் கொண்டு வந்திருந்தான். ஆங்கிலச் சொல் ஒரு பக்கம், தமிழ் ஒரு பக்கம், இடையிடையே விளையாட்டில் வரும் ஆட்களின் பெயர்கள். விளையாட்டின் கணக்குப்படி 63 மணித்தியாலம். ஒரு வருடமாகச் சனி, ஞாயிறுகளில் சேர்த்த நேரம் அது.

"திருப்பி முதலிலிருந்து விளையாடலாம்தானே தம்பி?" என்று கேட்டுவிட்டேன். அப்படிக் கேட்டது பிழை. 2009 க்கு முந்திய ஒரு படம்கூட இல்லாத வீடுகள் எங்கள் பக்கம் எத்தனை என்று எனக்குத் தெரியும். ஒன்று போனால் போனதுதான் என்று கேட்டே வளர்ந்த பிள்ளைகள் இவர்கள். அவன் பதில் சொல்லவில்லை. கொப்பியை மட்டும் திருப்பிப் பைக்குள் வைத்தான்.

என்ன நடந்திருந்தது

சார்ஜில் போட்டால் செம்மஞ்சள் விளக்கு கொஞ்ச நேரம் மினுங்கிவிட்டு நின்றது. திரையில் ஒன்றும் இல்லை. எப்படிச் சார்ஜ் செய்கிறாய் என்று விசாரித்தேன். 2022 இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம்வரை மின்வெட்டு இருந்த நேரம் வீட்டில் ஒரு சூரிய விளக்கு வாங்கியிருக்கிறார்கள். அதன் யூஎஸ்பி துவாரத்தில்தான் ஒரு வருடமும் போட்டிருக்கிறான். வீட்டாவின் சொந்தச் சார்ஜர் 5 வோல்ட்டில் 1.5 அம்பியர் கொடுப்பது. சிறிய சூரிய விளக்கால் அதில் பாதிகூடக் கொடுக்க முடியாது. விளையாடிக்கொண்டே சார்ஜில் விட்டால் ஏறுவதைவிட இறங்குவது கூட. பற்றரி நாளுக்கு நாள் அடிமட்டம்வரை இறங்கி இறங்கி ஏறியிருக்கிறது. அதற்கு முன்னர் ரொறன்ரோவில் சில வருடங்கள் லாச்சிக்குள் சும்மா கிடந்ததும் அதே பற்றரிதான்.

இந்த மாடலைத் திறக்கும்போது ஒன்றில் கவனம் வேண்டும். பின்மூடியிலேயே தொடுபலகை இருக்கிறது. அதிலிருந்து ஒரு மெல்லிய நாடா வயர் மதர்போர்ட்டுக்குப் போகிறது. போன் மூடியை இழுப்பதுபோல ஒரு பக்கத்தால் இழுத்தால் நாடா கிழிந்துவிடும். ஆறுதலாகத் திறந்தேன். நல்ல விசயம், பற்றரியைப் பசை போட்டு ஒட்டவில்லை, திருகாணி போட்டுத்தான் பூட்டியிருக்கிறார்கள். இன்றைய போன்களைத் திறக்கிறவர்களுக்கு அந்த அருமை விளங்கும். பற்றரி உறையில் 3.7 வோல்ட், 2210 மில்லி அம்பியர் மணி என்று இருக்கும். மல்ரிமீற்றர் 2 வோல்ட்டுக்கும் குறைவாகக் காட்டியது. உறையின் நடு இலேசாகப் பொங்கியிருந்தது. அப்படியான பற்றரியை வெளியிலிருந்து மின்சாரம் கொடுத்து எழுப்பப் பார்க்கக்கூடாது. கழற்றி மணல் வாளிக்குள் வைத்தேன்.

இணையத்தில் ஒரு கடையில் வாங்கிய மாற்றுப் பற்றரி மூன்று கிழமையில் வந்தது. மேலே 2210 என்றுதான் இருந்தது, ஆனால் ஒரு மணித்தியாலம்கூடத் தாங்கவில்லை. உற்பத்தி நின்ற கருவிகளின் பற்றரிக்கு வரும் முதல் சிக்கல் இதுதான். உறையில் என்ன எண்ணையும் அடிக்கலாம். புதியதாகவே செய்திருந்தாலும் எந்தத் தரத்தில் செய்தார்கள் என்று கேட்க ஆள் இல்லை. கனடாவிலிருந்து தபாலில் எடுப்பதும் இலகு இல்லை. பயணிகள் விமானத்தில் லித்தியம் அயன் பற்றரிகளைத் தனிச் சரக்காக ஏற்றுவது 2016 ஏப்ரலிலிருந்து தடை. வருகிறவர் கைப்பையில் கொண்டு வரலாம்.

பெடியனின் மச்சானோடு வட்ஸ்அப்பில் கதைத்தேன். "தனிப் பற்றரி தேட வேண்டாம். திருத்த ஏலாது என்று யாராவது விற்கிற இன்னொரு வீட்டா கிடைத்தால் அதை முழுசாக வாங்குங்கள்" என்றேன். வலது ஸ்டிக் (பெருவிரலால் அசைக்கும் சிறு குச்சி) முறிந்த, பற்றரி நல்லாக இருந்த, அதே மாடல் ஒன்றை வாங்கினார். ஆவணியில் கொழும்புக்கு வந்த உறவினர் ஒருவரின் கைப்பையில் அது வந்தது. அதோடு அந்த மாடலுக்கே உரிய சார்ஜ் வயரும் வந்தது, அது எங்களுக்குப் பெரிய உதவி. இரண்டாவது மாடலுக்குச் சாதாரண மைக்ரோ யூஎஸ்பி போதும். முதல் மாடலுக்கு அதன் வயர்தான் வேண்டும்.

பாகங்களுக்காக வாங்கும் இந்தக் கருவிகளை நாங்கள் கடையில் 'தாய்' என்று சொல்லுவோம். இந்தத் தாய் வந்ததால்தான் பிள்ளை பிழைத்தது.

நான் விடப் பார்த்த பிழை

தாய் வந்த அன்று இரண்டையும் மேசையில் வைத்துக்கொண்டு இலகுவான வழி ஒன்று யோசித்தேன். தாய் வேலை செய்கிறது. பெடியனின் மெமரி காட்டைக் கழற்றித் தாய்க்குள் போட்டு, சேவ் (விளையாட்டில் எதுவரை வந்தான் என்ற பதிவு) இருக்கிறதா என்று பார்த்துவிட்டால் மனம் ஆறும்.

போட்டேன். இந்த மெமரி காட் வேறு கணக்குக்கு உரியது, பாவிக்க வேண்டுமென்றால் அழித்து வடிவமைக்க வேண்டும் என்று திரையில் வந்தது. கை வேகத்தில் அடுத்த பட்டனை அழுத்தியிருந்தால் 63 மணித்தியாலமும் அந்த இடத்திலேயே போயிருக்கும். உடனே இரத்துச் செய்து காட்டை வெளியே எடுத்தேன். ஒரு தேநீர் குடித்துவிட்டு வந்துதான் அடுத்த வேலையைத் தொட்டேன்.

வீட்டாவில் ஒரு நேரத்தில் ஒரு பிளேஸ்டேஷன் கணக்கு மட்டும்தான் இருக்கலாம். மெமரி காட்டும் அந்தக் கணக்கோடு கட்டப்பட்டது. சாதாரண மைக்ரோ எஸ்டி காட் இதற்குள் போகாது, சோனியின் சொந்தக் காட்தான் வேண்டும். முதல் மாடலில் சேவ் செய்ய உள்ளுக்குள் வேறு இடமும் இல்லை. ஆக, கேம் காட் பெடியனின் கையில் இருந்தாலும், விளையாட்டு அவனுடையது என்றாலும், அவன் சேர்த்த நேரம் மட்டும் ரொறன்ரோவில் ஒருவர் பள்ளிக்கூட நாட்களில் திறந்த கணக்குக்குள் இருந்தது. அந்தக் கணக்கின் பாஸ்வேட்டை அவர் மறந்து ஆறு வருடம்.

நல்ல பற்றரியைப் பெடியனின் வீட்டாவுக்குப் போட்டேன். எழும்பியது. திகதி மட்டும் பழசுக்குப் போயிருந்தது. காட்டைப் போட, சேவ் அப்படியே இருந்தது. அவனுக்குப் படம் எடுத்து அனுப்பினேன். "நன்றி அண்ணை" என்று ஒரு வரிதான் வந்தது. ஆனால் அடுத்த பஸ்ஸில் ஆளே வந்து நின்றான்.

பெரும்பாலான கடைகளில் வேலை இதோடு முடிந்திருக்கும். எனக்கு முடியவில்லை. 12 வருடம் கண்ட மதர்போர்ட் அது. நாளைக்கு அது செத்தால் காட் மட்டும் மிஞ்சும், அதைத் திறக்கக் கணக்கு வேண்டும்.

அப்பாவின் வானொலி

இந்த இடத்தில் கொஞ்சம் விலகிப் போகிறேன்.

தொண்ணூறுகளில் வன்னிக்குப் பொருளாதாரத் தடை இருந்தபோது பற்றரி தடைப்பட்ட பொருள். மணிக்கூட்டுப் பற்றரிகூட இலகுவில் கிடைக்காது. எங்கள் வீட்டில் சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டு, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவிலிருந்து வயர் இழுத்துத்தான் இரவில் பிபிசி தமிழோசை கேட்போம். அப்பா சுற்றுவார், கை நோக அண்ணன் சுற்றுவார், செய்தி வாசிக்கும்போது வேகம் குறைந்தால் குரலும் குறையும். மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓடியதும் அந்தக் காலம்தான். எந்தப் பொருள் வராவிட்டாலும் இருப்பதை ஓட வைக்கும் கை வன்னிக்கு இருந்தது. நான் இந்தத் தொழிலுக்கு வந்ததே அந்தச் சைக்கிளைப் பார்த்துத்தான்.

அப்பாவின் வானொலிக்கு மின்சாரம் மட்டும்தான் வேண்டும். மின்சாரத்தை நாங்கள் சுற்றிச் சுற்றியே உண்டாக்கினோம். வீட்டாவுக்கு மின்சாரத்தோடு இன்னொன்றும் வேண்டும், எங்கோ இருக்கும் ஒரு சேவையகத்தின் அனுமதி. அதை எந்த டைனமோவாலும் உண்டாக்க முடியாது. இந்தக் கருவியின் எதிர்காலம் பற்றி எனக்குள்ள கவலை முழுவதும் இதுதான். பாகங்களைத் தேடலாம், பொருத்தலாம். அனுமதி நின்றால் என் மேசையில் இருக்கும் எந்தக் கருவியாலும் ஒன்றும் செய்ய ஏலாது.

நல்ல கருவி ஏன் தளர்ந்தது

வீட்டா 2011 டிசம்பர் 17 அன்று ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. வட அமெரிக்கா, ஐரோப்பாவுக்கு 2012 பெப்ரவரி 22. 5 அங்குல ஓலெட் திரை, நான்கு மையச் செயலி, இரண்டு ஸ்டிக், முன்னும் பின்னும் தொடுவசதி. அந்த நேரத்தில் கையில் பிடிக்கக்கூடிய எந்த விளையாட்டுக் கருவியிலும் இவ்வளவு இல்லை. இன்றைக்கும் அந்தத் திரையில் கறுப்பு நிறம் கறுப்பாகவே தெரிகிறது. அதற்கு முந்திய பிஎஸ்பி உலகம் முழுவதும் 7 கோடிக்கு மேல் விற்ற கருவி. அதன் பிள்ளை அதைத் தாண்டும் என்றுதான் பலரும் நினைத்தார்கள்.

அமெரிக்காவில் விலை 249 டொலர், 3ஜி உள்ளதற்கு 299. அது பெரிய பிழை இல்லை என்பது என் எண்ணம். பிழை மெமரி காட்டில் இருந்தது. 4 ஜிபி காட் 20 டொலர், 32 ஜிபி காட் 100 டொலர். கருவியை வாங்கியவர் காட் வாங்காவிட்டால் பல விளையாட்டுகளில் சேவ்கூடச் செய்ய முடியாது. 250 டொலர் என்று நினைத்துக் கடைக்குப் போன பெற்றோர் 350 டொலர் கொடுத்துவிட்டு வந்தார்கள். வேறு எந்தக் கருவிக்கும் பாவிக்க முடியாத காட்டுக்கு அவ்வளவு விலை வைத்தால், கருவியைப் பிடித்தவர்களும் பின்வாங்கத்தான் செய்வார்கள்.

எதிரே நின்டெண்டோ 3டிஎஸ். 2011 மார்ச்சில் அதுவும் 249.99 டொலருக்குத்தான் அமெரிக்காவில் வந்து மந்தமாக விற்றது. அதே வருடம் ஓகஸ்டில் 169.99 டொலருக்கு இறக்கினார்கள். சாதாரண எஸ்டி காட் போடலாம். மாரியோ வந்தது, போக்கிமோன் வந்தது. கடைசியில் 7 கோடி 59 இலட்சம் விற்றது. சோனி வீட்டாவின் விலையை 199 டொலருக்கு இறக்கியது 2013 ஓகஸ்டில். அதற்குள் விளையாட்டு செய்யும் கொம்பனிகளில் பல கையைக் கழுவிவிட்டன, மக்களின் கைக்கும் ஸ்மார்ட்போன் வந்துவிட்டது. வீட்டாவின் மொத்த விற்பனையைச் சோனி சொல்லவே இல்லை. வெளியே மதிப்பிட்டவர்கள் சுமார் ஒன்றரைக் கோடி என்கிறார்கள்.

2013 முடிவில் டிவியோடு இணைத்து விளையாடும் சோனியின் பிஎஸ்4 வந்த பிறகு, அதன் படத்தை வை-பை வழியாகப் பார்த்து விளையாடும் துணைக்கருவியாகவே சோனி வீட்டாவை முன்னால் வைத்தது. சொந்தப் பிள்ளையை மூத்த பிள்ளைக்கு எடுபிடி ஆக்கியது போல. 2015 இல், சோனியின் விளையாட்டுகளைச் செய்யும் நிலையங்களுக்குப் பொறுப்பாக இருந்த ஷுஹெய் யொஷிடா, போன்களின் ஆதிக்கத்தால் இன்னொரு கைக்கருவிக்குச் சூழல் நல்லதாக இல்லை என்று சொல்லிவிட்டார். ஜப்பானில் மட்டும் அது இன்னும் சில வருடம் நன்றாகவே ஓடியது. அங்கே வாசிக்கும் கதை விளையாட்டுகளுக்கு ஆதரவு இருந்தது, மைன்கிராஃப்டின் வீட்டாப் பதிப்பு மட்டும் 10 இலட்சத்துக்கு மேல் விற்றது. 2019 மார்ச்சில் உற்பத்தி நின்றது.

இதில் எனக்கு வருத்தம் என்னவென்றால், அந்தக் கருவியைச் செய்தவர்கள் எந்தப் பிழையும் விடவில்லை. உள்ளே திறந்து பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அதன் வேலைப்பாடு அவ்வளவு சுத்தம்.

கடை மூடப்படவிருந்த மூன்று கிழமை

2021 மார்ச் 29 அன்று சோனி, இணையத்தில் விளையாட்டு விற்கும் தன் பிஎஸ்3, பிஎஸ்பி கடைகளை ஜூலை 2 அன்றும் வீட்டாக் கடையை ஓகஸ்ட் 27 அன்றும் மூடப்போவதாக அறிவித்தது. உலகம் முழுவதும் எதிர்ப்பு வந்தது. ஏப்ரல் 19 அன்று, அப்போதைய தலைவர் ஜிம் ரயன், தாங்கள் எடுத்த முடிவு பிழை என்று ஒத்துக்கொண்டு பிஎஸ்3, வீட்டாக் கடைகள் திறந்திருக்கும் என்றார். பிஎஸ்பிக்கு மட்டும் முடிவு மாறவில்லை. அந்த வருடம் ஒக்டோபர் 27 இலிருந்து வீட்டாவில் நேரடியாக வங்கிக் காட் போட்டு வாங்க முடியாது. கணக்கின் பணப்பையில் முதலே காசு ஏற்றி வைக்க வேண்டும், அல்லது பரிசுக் காட் வேண்டும். அந்தப் பரிசுக் காட்டும் கணக்கு எந்த நாட்டில் திறந்ததோ அந்த நாட்டுக்குரியதாக இருக்க வேண்டும்.

அந்த மூன்று கிழமைக்குள் எழும்பிய குரல்களால்தான் எங்கள் பெடியனின் கதைக்கு இரண்டாம் பாகம் இருந்தது. ஆவணியில் ஒரு ஞாயிறு மாலை 7 மணிக்கு, அங்கே காலை 9.30, மச்சானை வீடியோவில் எடுத்தோம். பழைய ஈமெயிலை அவர் ஒருவழியாக மீட்டிருந்தார். பாஸ்வேட்டை மாற்றினார். ஆனால் வீட்டாவில் போட்டால் ஏற்கவில்லை. அரை மணித்தியாலம் மூன்று பேரும் எழுத்து எழுத்தாகச் சரிபார்த்தோம். பிறகுதான் எனக்கு உறைத்தது. அவர் கணக்கில் இரண்டு படிப் பாதுகாப்பு இருந்தது, பழைய கருவிகளுக்கு அந்தக் குறியீட்டைக் கேட்கும் திரையே இல்லை. இதற்கென்று கருவி அமைப்புக் கடவுச்சொல் என்று ஒன்றைக் கணக்கின் இணையப் பக்கத்தில் எடுத்து, வழக்கமான பாஸ்வேட்டுக்குப் பதிலாக அதைப் போட வேண்டும். போட்டதும் திறந்தது. உங்களிடம் பிஎஸ்3 இருந்தாலும் இதே வழிதான்.

இன்னொரு சின்ன விசயம், ஆனால் பலர் இதில்தான் மாட்டுகிறார்கள். வீட்டாவுக்கு 2.4 கிகாஹேர்ட்ஸ் வை-பை மட்டும்தான் தெரியும். இப்போதைய போன்களின் ஹொட்ஸ்பொட் 5 கிகாஹேர்ட்ஸில் இருந்தால் பட்டியலிலேயே வராது. வை-பை பழுது என்று நினைத்துக் கடைக்குக் கொண்டு வருவார்கள். போனின் அமைப்பை மாற்றினால் போதும்.

கணக்கு திறந்ததும் பதிவிறக்கப் பட்டியலைப் பார்த்தோம். மச்சான் 2012 க்கும் 2015 க்கும் இடையில் வாங்கிய 11 விளையாட்டுகளும் அப்படியே நின்றன. அவரே அவற்றில் பாதியை மறந்திருந்தார். 'டெயர்அவே' பெயரைக் கண்டதும், "ஐயோ, இதை நான் முடிக்கவே இல்லை" என்றார். ரொறன்ரோவில் அவர் சிரிக்க, கிளிநொச்சியில் நாங்கள் சிரித்தோம்.

விளையாட்டுகளின் எதிர்காலம்

பெடியன் அப்போது என்னிடம் கேட்டான்: "இந்த விளையாட்டெல்லாம் இதோட செத்துப்போமா அண்ணை?"

எல்லாம் இல்லை. சில தப்பிவிட்டன. அவன் விளையாடும் 'பெர்சோனா 4 கோல்டன்' 2020 இல் கணினிக்கு வந்தது, 2023 இல் இன்றைய மற்றக் கருவிகளுக்கும் வந்தது. 'கிராவிட்டி ரஷ்' பிஎஸ்4 க்குப் போனது. வீட்டாவிலேயே பிறந்த 'ஃப்ரீடம் வோர்ஸ்' 2025 ஜனவரியில் புதுப்பித்து வந்திருக்கிறது. அவன் கேட்ட நேரம் அது இன்னும் வந்திருக்கவில்லை, பிறகு சொன்னேன்.

ஆனால் 'அன்சார்ட்டட்' வரிசையின் 'கோல்டன் அபிஸ்', 'கில்சோன் மேர்சனரி', 'சோல் சாக்ரிஃபைஸ்' போன்றவை வீட்டாவுக்குள்ளேயே நிற்கின்றன. தப்பியவற்றிலும் ஒரு இழப்பு இருக்கிறது. 'டெயர்அவே' விளையாட்டில் வீட்டாவின் பின்பக்கத்தைத் தொட்டால், கடதாசியைக் கிழித்துக்கொண்டு உங்கள் விரலே அந்த உலகத்துக்குள் போகும். அந்த விளையாட்டின் உயிரே அதுதான். 2015 இல் பிஎஸ்4 க்கு வேறொரு வடிவமாகச் செய்தார்கள், நல்லாகத்தான் செய்தார்கள், ஆனால் அந்த விரல் இல்லை. கருவிக்கென்றே செய்த விளையாட்டைக் கருவி இல்லாமல் முழுசாகக் காப்பாற்ற முடியாது. கணினியில் வீட்டாவைப் போலச் செய்து காட்டும் 'வீட்டா3கே' என்ற திறந்த மென்பொருள் 2018 இலிருந்து வளர்ந்து வருகிறது, எந்தச் சம்பளமும் இல்லாமல் பலர் உழைக்கிறார்கள். அவர்கள்மேல் எனக்குப் பெரிய மரியாதை.

சேவ் என்ற பொருளோ வீட்டாவை விட்டு எங்கும் போகாது. வீட்டாவில் சேர்த்த 63 மணித்தியாலத்தைக் கணினிப் பதிப்புக்குள் கொண்டுபோக, விளையாட்டை வெளியிட்டவர்கள் வழி வைக்கவில்லை. விளையாட்டு தப்பியும் விளையாடியவன் தப்பவில்லை.

கருவியின் பூட்டை உடைப்பது பற்றியும் கேட்டான். மறைக்காமல் சொன்னேன். 2016 ஜூலையில் 'ஹென்காக்கு' என்ற வழி வந்தது, பிறகு வேறு வழிகளும் வந்தன. கேம் காட் துவாரத்தில் ஒரு சிறு அடாப்டர் போட்டு அதில் சாதாரண மைக்ரோ எஸ்டி காட்டைப் பாவிக்கலாம். சோனியின் காட் கிடைக்காத நாளில் வீட்டாவைக் காப்பாற்றப்போவது இதுதான் என்று நினைக்கிறேன். ஆனால் களவு விளையாட்டுகளை நிரப்பிக் கொடுக்கும் வேலையை என் கடையில் செய்வதில்லை. காசு கொடுத்து வாங்கியவன், வாங்கிய பொருளை வைத்திருக்க எடுக்கும் முயற்சி வேறு, அதை நான் பிழை என்று சொல்ல மாட்டேன். இவனுடைய கருவியில் அதைச் செய்யவில்லை. சேவ் பத்திரமாகாத கருவியில் கை வைத்துப் பார்ப்பது சரியில்லை.

செய்து முடித்தது

வீட்டாவின் சேவ்களைக் கணினிக்கு நகலெடுக்க சோனியின் ஒரு மென்பொருள் இருக்கிறது, அதே வேலைக்கு 'கியூசிஎம்ஏ' என்ற திறந்த மென்பொருளும் இருக்கிறது. தாயோடு வந்த வயரால் இணைத்து, முதலில் சேவை மட்டும், பிறகு காட் முழுவதையும் நகலெடுத்தேன். இந்த நகலும் அதே கணக்குக்குத்தான் திறக்கும். அதனால்தான் முதலில் கணக்கை மீட்டது.

நகல் திரும்ப ஏறுகிறதா என்று பார்க்காமல் நகல் எடுத்தேன் என்று சொல்லக்கூடாது. தாயைத் தொடக்க நிலைக்குக் கொண்டுவந்து, மச்சானின் கணக்கைப் போட்டு, எங்கள் கடையில் இருந்த 4 ஜிபி காட் ஒன்றில் சேவை ஏற்றி, கேம் காட்டைப் போட்டோம். பெடியன் விளையாட்டைத் திறந்தான். அவன் கடைசியாக விட்ட நாள், விட்ட இடம், பள்ளிக்கூட வாசலில் மழை. கொஞ்ச நேரம் பேசாமல் அதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

நகலை இரண்டு பென் டிரைவில் போட்டோம். ஒன்று அவன் வீட்டில், ஒன்று என் கடை லாச்சியில். மூன்றாவதை இணையம் வழியாக மச்சானுக்கு அனுப்பினோம். கணக்கின் ஈமெயில், கடவுச்சொல் விபரங்களை மச்சான் தன் மனைவியிடமும் எழுதிக் கொடுத்திருக்கிறார். 11 விளையாட்டில் காட் கொள்ளும் அளவுக்கு ஐந்தை இறக்கினோம். வாங்கியது மட்டும் பட்டியலில் கிடந்தால் போதாது, இறக்கி வைத்ததுதான் கையில் உள்ளது. இது 2024 இல் வேலை செய்தது. உங்கள் வீட்டில் வீட்டா ஒன்று கிடந்தால், கணக்கு யாருடையது என்று இன்றைக்கே கேளுங்கள். வாங்கிக் கொடுத்தவர் உயிரோடும் ஞாபகத்தோடும் இருக்கும்போதே கேட்டுவிடுங்கள். சும்மா வைப்பதென்றால் பற்றரியைப் பாதி சார்ஜில் வைத்து, இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுத்துப் பாருங்கள். புதிதாக விளையாட்டு வாங்குகிறவர்கள் காட்டாகக் கிடைத்தால் காட்டாகவே வாங்குங்கள். எந்த நாட்டில் வாங்கிய காட்டும் எந்த வீட்டாவிலும் ஓடும்.

சார்ஜுக்கு 5 வோல்ட், 2 அம்பியர் போன் சார்ஜர் ஒன்றைக் கொடுத்து, சூரிய விளக்கில் போடக்கூடாது என்று சொல்லி அனுப்பினேன். திருத்தக் கூலியாக அவன் கொண்டுவந்தது வீட்டுத் தோட்டத்து முருங்கைக்காயும், அம்மா கட்டிக் கொடுத்த பயற்றம் பணியாரமும். பற்றரிக்கான காசை மச்சான் ஏற்கெனவே கொடுத்திருந்தார்.

பிறகு ஒரு நாள் வந்தான். இடது ஸ்டிக் தன்பாட்டில் ஒரு பக்கம் இழுக்கிறதாம். தாயின் வலது ஸ்டிக்தான் முறிந்தது, இடது நல்லாகவே இருக்கிறது. மாற்றிவிடலாம், ஒரு மணித்தியால வேலை. கருவியை விட்டுவிட்டுப் போ, உயர்தரச் சோதனை முடிய வந்து எடு என்றேன். "இன்னும் மூண்டு நாள்தான் இருக்கு அண்ணை" என்றான். சோதனைக்கு இல்லை, விளையாட்டின் கதையில். சரி, அதை முடித்துவிட்டுக் கொண்டு வா என்று திருப்பிக் கொடுத்தேன்.